சாவில்லாத வீட்டில் பாடக்கூடாது

கொட்டகலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் பஸ்ஸில் நீங்கள் ஒரு தடவையாவது ஏறியிருப்பீர்கள், ஐயா. ஏறியிருந்தால் காது என்ன பாடுபடும் என்று தெரிந்திருக்கும். டிரைவரின் தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், பின் சீட்டுக்கு மேலே இரண்டு. காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் குத்துப் பாட்டு, சாயங்காலம் காதல் தோல்வி. காலையில் சாமி கும்பிட்டவனே சாயங்காலம் காதலித்துத் தோற்றும் விடுகிறான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கண்டக்டரிடம் சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன். பாட்டு என்றாலே எனக்கு ஆகாது. வாலிபம் முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் பக்கத்தில் நின்றவன் நான். வேலை விட்டால் கொஞ்சம் அமைதி இருந்தால் போதும் என்றிருக்கும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். அழகுமுத்து எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் தமிழிலேயே கேட்பதால் எனக்கும் சிரமமில்லை. நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

எனக்கு ஒரே மகன், வினோஜன். அவன் தவழ்கிற வயதிலேயே அவன் அம்மா போய்விட்டாள். நான்தான் வளர்த்தேன். தோட்டத்து வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொட்டகலை ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டினான். அந்த ஆட்டோவுக்கு ஒழுங்கான பிரேக் போடுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் பூட்டினான். அவன் கீழ் முடக்கில் திரும்பும்போதே மேலே லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பாட்டுக் கேட்டுவிடும். பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய் நிற்பார்கள். நான் மட்டும் என் வீட்டுக் காம்பராவுக்குள் இருந்துகொண்டே, "அந்த எழவ நிப்பாட்டுடா" என்று கத்துவேன். "பாட்டுப் போடாட்டி வண்டி மேட்டுல ஏற மாட்டேங்குதுப்பா" என்பான். அவன் போட்ட பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு மழை நாளில் திம்புள்ளப் பக்கம் ஒரு பயணியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ரோட்டில் மண் வழுக்கிவிட்டது. ஆட்டோ தேயிலைக்குள் உருண்டுபோய்க் கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் இறங்கிப்போய் அதை நிப்பாட்டினார்.

அவனைக் கொண்டுவந்து எங்கள் வாசல் இஸ்தோப்பில் கிடத்தினார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, ஐயா. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டேன். "மனுசனுக்கு மரத்துப் போச்சு, அழவைங்க, இல்லாட்டி புத்தி பேதலிச்சிரும்" என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அழ வேண்டும் என்று எனக்கும் தெரியும். வரவில்லை. தொண்டையில் மீன் முள் சிக்கியது போல ஒன்று நின்றது. அது மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

அப்போதுதான் மீனம்மா வந்தாள். அழகுமுத்துவின் மனைவி. எங்கள் லயத்தில்தான், என் காம்பராவிலிருந்து இரண்டு காம்பரா தள்ளி இருக்கிறார்கள். கொழுந்து எடுக்கிறவள். சாதாரண நாளில் அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவதே பெரிது. ஆனால் சாவு வீட்டில் அவள் ஒப்பாரி வைத்தால் தோட்டத்தின் பக்கத்துப் பிரிவிலிருந்து வந்தவன்கூட அழுதுவிட்டுத்தான் போவான். ஒரு சாவுக்குப் பாடியதை இன்னொரு சாவுக்குப் பாட மாட்டாள். செத்தவன் யார், என்ன செய்தான், யாருக்கு என்ன குறை வைத்தான் என்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவாள்.

பெண்கள் உள்ளே ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். எங்கள் கழுத்தை யாரும் கட்டுவதில்லை. மீனம்மா உள்ளே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வெளியே எழுந்து வந்து, எனக்கு நேரே நின்று பாடினாள்.

"மேட்டு லயத்துக்கே மேளமா வந்தவனே,
பாட்ட நிப்பாட்டச் சொன்ன அப்பன் இங்க நிக்கிறாரு,
போட்டுட்டுப் போ ராசா, பொழுதுக்கும் கேக்கட்டும்."

அவ்வளவுதான். நான் மண்ணில் விழுந்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையது என்றே எனக்குத் தெரியவில்லை. என்னைப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அவ்வளவு வேதனையை நான் பட்டதில்லை, அவ்வளவு நிம்மதியையும் பட்டதில்லை. அழுது முடித்தபோது என் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போனது போலிருந்தது.

கருமாதி வரை மீனம்மா தினம் வந்தாள். மலையிலிருந்து இறங்கியதும் கூடையை வைத்துவிட்டு நேரே என் வாசலுக்கு வந்து ஒரு பாட்டு அழுதுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள். நானும் அழுவேன். கருமாதி முடிந்தது. அதோடு அழுகையை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவளும் முடித்துக்கொண்டாள். யாரையும் குறை சொல்ல முடியாது.

முள் திரும்ப வந்து தொண்டையில் நின்றது. வினோஜனின் போனில் இருந்த பாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். என் பிள்ளைக்கு இவையெல்லாம் பிடித்ததா என்று ஆச்சரியப்பட்டேனே தவிர அழ முடியவில்லை. பஸ்ஸில் ஏறிக் காதல் தோல்வியைக் கேட்டேன். கோயிலில் பஜனைக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் உருகினார்கள். எனக்கு அது ரோலர் சத்தம் மாதிரிதான் இருந்தது. பாட்டுக்கு அவ்வளவு சக்தி என்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு குரலுக்குத்தான் அந்தச் சக்தி இருந்தது, அதுவும் என் மகன் பெயரைச் சொன்னால் மட்டும்.

பிறகு சின்னத்தம்பி மாமா செத்தார். நல்ல வயது, நல்ல சாவு. நான் வாசலில் கால் வைத்ததும் மீனம்மா என்னைப் பார்த்தாள். சாவு வீட்டுக்குள் வருகிறவர்களின் இழப்பையும் சேர்த்துப் பாடுவது எங்கள் பெண்களின் பழக்கம். அவள் குரல் திரும்பியது.

"போற வழியில வினோஜன் நிப்பான் மாமா,
ஏறிக்குங்க ஆட்டோல,
எறக்கம் பாத்து ஓட்டச் சொல்லுங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சின்னத்தம்பி மாமாவின் மகன்கள், "எங்கப்பா மேல இவருக்கு இவ்வளவு பாசமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மாதக்கணக்கில் வராத தூக்கம் அன்றைக்கு வந்தது.

அதன் பிறகு நான் சாவுகளை எதிர்பார்க்கத் தொடங்கினேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படித்தான் இருந்தேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களிடம் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று விசாரிப்பேன். "நாகலிங்கண்ணன் எல்லார் மேலயும் அக்கறையா இருக்காரு" என்றார்கள். இறம்பொடைப் பக்கம் ஒரு தூரத்துச் சொந்தம் செத்ததற்குக்கூட இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கே அழுத பெண்களுக்கு என் மகனைத் தெரியாது. பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எங்கள் பிரிவில் அதற்குப் பிறகு யாருமே சாகவில்லை. நல்ல விஷயந்தான்.

வினோஜன் சாவில் மீனம்மா பாடியதைப் பக்கத்து வீட்டுப் பெண் தனுஷிகா போனில் பிடித்து வைத்திருந்தாள். கேட்டு வாங்கினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு நாள் அதைப் போட்டேன். உங்களுக்கு லயம் தெரியும். இந்தக் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். ஒரு நிமிஷத்தில் லயம் முழுக்க என் வாசலில் நின்றது. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைத்தால் அது ஒரு சாவைக் கூப்பிடும் என்பது எங்கள் ஆட்களின் பயம். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள் முன்னாலேயே அதை அழித்தேன். வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை நான். உண்மையில் அந்தப் பதிவு எனக்கு உதவவும் இல்லை. என்னைப் பார்த்துப் பாட அதற்குக் கண் இல்லை.

கடைசியில் மீனம்மாவிடமே கேட்டேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, எனக்காக ஒரே ஒருக்கா பாடும்மா. மெதுவாப் பாடு, யாருக்கும் கேக்காம."

அவள் பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தாள்.

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? சாவில்லாம நான் வாயத் தொறந்தா எங்க வீட்டுலல்ல வந்து விடியும். மனுசன் படுத்துக் கெடக்காருண்ணே. எனக்குன்னு அவரு ஒருத்தருதான்."

"மலைல போயிப் பாடலாமே."

"எங்க பாடுனாலும் என் வாயிதானேண்ணே. சாவு வீட்டுல ஒங்களுக்குப் பாட மாட்டேன்னா சொன்னேன்? வினோஜன் எனக்கும் புள்ளதான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்காகப் பாட அவளுக்கு மனமிருக்கிறது. அதற்குச் சாவு வீடு வேண்டும். அது இல்லாமல் பாடவிடாமல் தடுப்பது படுத்துக் கிடக்கிற அழகுமுத்து. மூன்றையும் எனக்கு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். நான் அதற்கு முன்னால் அப்படி யோசித்ததே இல்லை.

அழகுமுத்து என் சிநேகிதன். தொழிற்சாலையில் ஒரே ரோலரில் நின்றவர்கள் நாங்கள். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல். பிள்ளை குட்டி இல்லை. மீனம்மா மலைக்குப் போனால் பகலில் அவனைப் பார்த்துக்கொண்டது நான்தான். துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்கவைத்தேன், மூத்திரம் எடுத்துக் கொட்டினேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று ஊரே சொன்னது. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

அவனுக்கு விழுங்குகிற சக்தி குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை மீனம்மா எனக்குத் தினமும் சொல்வாள். "நிமுத்தி ஒக்கார வச்சுத்தாண்ணே குடுக்கணும். கஞ்சி கெட்டியா இருக்கணும். தண்ணியாட்டம் எதையும் குடுத்துறாதீங்க. பொறையேறிருச்சுன்னா மனுசன் போயிருவாரு." நான் அப்படித்தான் கொடுத்து வந்தேன். ஆனால் அழகுமுத்துவுக்கு ஆசை எல்லாம் தேத்தண்ணி மேல். காலமெல்லாம் தேயிலை அரைத்தவன், ஐயா. என்னைப் பார்த்தாலே "தேத்... தேத்..." என்பான். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவனுக்கு அது எளிதாக வந்தது.

அன்றைக்கு அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, சீனி கூடவே போட்டு, ஒரு கோப்பை நிறைய. என்னைப் பார்த்துச் சிரித்தான், ஒரு பக்கத்து வாயால். மீனம்மா மத்தியானம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்தபோது நான் வாசலில் நின்று, "அழகுமுத்து போயிட்டான் தங்கச்சி" என்றேன். தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது என்று சொல்லிப் போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானே பந்தலுக்குத் தகரம் தூக்கினேன்.

பிறகு பெஞ்சில் முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதமாகத் தொண்டையில் நின்றது இன்றைக்கு இறங்கிவிடும் என்று காத்திருந்தேன். அழகுமுத்துவுக்காகவும் அழத்தான் இருந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மீனம்மா பாடவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் காய்ந்து கிடந்தது. வருகிற பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் மரக்கட்டையாக இருந்தாள். அவள் தங்கச்சி பூரணி காலைப் பிடித்துக் கெஞ்சினாள். "அக்கா, ஊருக்கெல்லாம் அழுதியே, ஒன் புருசனுக்கு ஒரு வார்த்தை அழுக்கா. அழுதுருக்கா." மீனம்மாவுக்குக் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. தப்பு அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், பாடை கட்டிவிட்டார்கள், அவள் வாய் திறக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு இவள் பாடாமலே பிணத்தைத் தூக்கிவிடுவார்களோ என்று பயந்தேன்.

ஒப்பாரியில் ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் இன்னொருத்தி பிடித்துக்கொள்வாள். அதைத்தான் நினைத்தேன். எழுந்து பெண்களுக்கு நடுவே போனேன். எங்கள் பக்கத்தில் ஆம்பிளை ஒப்பாரி வைப்பதில்லை. சிலர் முகம் சுளித்தார்கள். அவள் மெட்டு எனக்கு மனப்பாடம். அதிலேயே எடுத்தேன். முதலில் ரோலரைப் பற்றி, நாங்கள் இரண்டு பேரும் திருவிழாவில் காவடி தூக்கியதைப் பற்றி, சரியாகத்தான் வந்தது. பெண்கள் விம்மத் தொடங்கினார்கள். நானும் அழுதேன், ஐயா. எப்போது அழுகை வந்ததென்று தெரியவில்லை, அது பாட்டுக்கு வந்தது. அழுகை வந்த பிறகு வார்த்தை என் கையில் இல்லை.

"ஒக்கார வச்சுக் குடுன்னு ஒன் பொஞ்சாதி சொல்லியும்,
படுக்க வச்சு ஊத்துனேனே பாவி இந்தக் கையால,
கேட்ட தேத்தண்ணி குடிச்சியே அழகுமுத்து,
கண்ணு ரெண்டும் என்னைப் பாக்க."

நான் பாடியதன் அர்த்தம் பாடி முடித்த பிறகுதான் எனக்கே புரிந்தது. பேச்சில் எவ்வளவோ மறைத்துவிடலாம். அந்த மெட்டில் பொய் நிற்க மாட்டேன் என்கிறது. தப்புச் சத்தம் நின்றுவிட்டது. மற்றவர்கள் விளங்காமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மீனம்மா மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

எழுந்து வந்து என் கழுத்தில் கையைப் போட்டாள். கட்டிக்கொண்டு அழப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக, பீலியடியில் பேசுகிற குரலில் கேட்டாள்.

"படுக்க வச்சா குடுத்தீங்க?"

"ஆமா தங்கச்சி" என்றேன்.

அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். முதுகுக்கு முட்டுக் கொடுத்த தலையணையை உருவினேன். அவனை மல்லாக்கப் படுக்க வைத்தேன். முதல் வாய்க்கே புரையேறியது. நிறுத்தவில்லை. கோப்பை முடியும்வரை ஊற்றினேன். முடியும்வரை அவன் நல்ல கையை என் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் இறுக்கிப் பிடித்தான், பிறகு விட்டான். பிறகு பழையபடி சாய்த்து உட்காரவைத்து, வாயைத் துடைத்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். தவறி நடந்ததில்லை, நான்தான் கொன்றேன். அவன் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. கேட்டதைக் கொடுத்தேன். ஒரு சாவு வீடு எனக்குத் தேவைப்பட்டது.

நான் ஆமாம் என்றதும் மீனம்மாவின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியே அது பாட்டானது. அவள் அதுவரை பாடிய எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. இரண்டு லயத்துச் சனமும் கதறியது. என்னை அடிக்க வந்த பொடியன்கள்கூட அழுதுகொண்டேதான் அடித்தார்கள். என்னை அழவைத்தவளை நானும் அழவைத்துவிட்டேன், இல்லாவிட்டால் அவளுக்குப் புத்தி பேதலித்திருக்கும். அதற்குள் என்னைப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூட்டம் வேறு இறங்கிவிட்டது. மெட்டுக் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. என் மகன் பெயர் அதில் வந்ததா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். எனக்கு வக்கீல் வேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. அழகுமுத்துவின் கருமாதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. விலங்கோடு கூட்டிப் போனாலும் சரி, வாசலில் ஒரு ஓரமாக நிற்கிறேன். மீனம்மா நல்லவள். என் முகத்தைப் பார்த்தால் வினோஜனுக்கு ஒரு வரி பாடாமல் இருக்க மாட்டாள்.